சோலார் கம்பெனிக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: விளாத்திகுளம் வட்டாரத்தில் எங்களுக்கு 14 ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. அதில் 5 ஏக்கர் கிணற்றுப் பாசனம், இலவச மின் இணைப்பும் உண்டு. மீதி 9 ஏக்கர் மானாவாரி. சோலார் நிறுவனம் ஒன்றுக்காகத் தரகர் வந்து, 14 ஏக்கரையும் 29 ஆண்டு 11 மாதக் குத்தகைக்குக் கேட்கிறார். ஏக்கருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. அப்பாவுக்கு 68 வயது. நானும் தம்பியும் வெளியூரில் வேலை பார்க்கிறோம்; தங்கைக்குத் திருமணமாகிவிட்டது. கொடுக்கலாமா?

பதில்:

மானாவாரி 9 ஏக்கரைக் கொடுக்கலாம், பத்திரம் சரியாக அமைந்தால். கிணற்றோடு சேர்ந்த 5 ஏக்கரைக் கொடுக்க வேண்டாம். இந்தப் பக்கத்துக் குத்தகைப் பத்திரங்களைப் படித்துப் பார்ப்பது என் தொழிலில் ஒரு பகுதி என்பதால், எங்கே தடுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பணம். உளுந்தோ கம்போ விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காக வானத்தைப் பார்க்கும் நிலத்தில், மழை ஏமாற்றிய ஆண்டு விதைக்காசும் உழவுக்கூலியும் கூடத் திரும்பாது. மழை பெய்த ஆண்டு காட்டுப்பன்றி வரும். அப்படிப்பட்ட நிலத்துக்கு உழாமல் விதைக்காமல் ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்பது பெரிய தொகைதான். இதை அற்பம் என்று சொல்பவர்கள் மானாவாரி செய்து பார்க்காதவர்கள்.

ஆனால் எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். ஒரு மெகாவாட் சோலார் நிலையத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். நம் தெற்குச் சீமை வெயிலில் அது ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் மின்சாரம் தரும். யூனிட் 2.50 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஆண்டு வரவு 40 லட்சம். 4 ஏக்கர் என்று வைத்தால் உங்களுக்கு வருவது 1.2 லட்சம், அதாவது நூற்றுக்கு மூன்று ரூபாய். அந்த 40 லட்சமும் லாபமல்ல என்பது உண்மை. பேனல் விலை, வங்கிக் கடன், வட்டி, பராமரிப்பு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது, 2015ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி யூனிட்டுக்கு 7.01 ரூபாய் கிடைத்தது. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது ஏலத்தில் அதில் பாதி கூடக் கிடைப்பதில்லை. அப்படியிருந்தும், ஏக்கருக்கு 10,000 ரூபாய் கூட்டிக் கேட்டால் நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவு நூற்றுக்கு ஒரு ரூபாய். "கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது" என்று தரகர் சொல்லும்போது இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தை அவர்கள் தேர்ந்தெடுப்பது மண்வளத்தைப் பார்த்து அல்ல. துணைமின் நிலையம் எவ்வளவு தூரம், நிலம் மேடுபள்ளமில்லாமல் இருக்கிறதா, துண்டு துண்டாக இல்லாமல் ஒரே வளைவாகக் கிடைக்கிறதா என்பதுதான் கணக்கு. உங்கள் 9 ஏக்கர் அந்த வளைவின் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று புலப்படத்தை (சர்வே வரைபடத்தை) வைத்துப் பாருங்கள். நடுவில் இருந்தால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்கிறது.

ஏக்கர் வாடகையைவிட உயர்வு விகிதம் முக்கியம். இதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் என்றால், இன்றைய 30,000 ரூபாய் கடைசி ஆண்டில் ஏறத்தாழ 59,400 ஆகியிருக்கும். இரட்டிப்பாகிவிட்டதே என்று தோன்றும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்தால், அந்த 59,400க்கு இன்றைய மதிப்பு 14,400 ரூபாய்தான். அதாவது உங்கள் வாடகை ஒவ்வோர் ஆண்டும் சத்தமில்லாமல் குறைந்து பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. அதே 5 சதவீதத்தை ஆண்டுதோறும் என்று மாற்றினால் கடைசி ஆண்டு வாடகை 1,23,500 ஆகும். பத்திரத்தில் மாறுவது இரண்டே சொற்கள். தொடக்க வாடகையில் இரண்டாயிரம் விட்டுக்கொடுத்தாவது இதை வாங்கிவிடுங்கள்.

இந்த "இரண்டு ஆண்டுக்கு 5 சதவீதம்" கர்நாடகத்தின் பாவகடா சோலார் பூங்காவிலும் இருந்தது. துமகூரு மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, திருமணி, வள்ளூர், பாலசமுத்திரம் உள்ளிட்ட ஐந்து ஊர்களில் 13,000 ஏக்கர். 2019 இறுதியில் முழுமையடைந்தபோது 2,050 மெகாவாட். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளிடம் நிலத்தை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் வாடகைக்கு எடுத்தார்கள். நிலக்கடலை போட்டு வறட்சியில் நொந்துபோன ஊர்கள் அவை. பெங்களூருவுக்குக் கூலிக்குப் போனவர்கள் பலர். 20 ஏக்கர், 30 ஏக்கர் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாடகை வாழ்க்கையை மாற்றியது. வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இரண்டு மூன்று ஏக்கர்காரர்களுக்கு வந்த பணம் குடும்பம் நடத்தப் போதவில்லை. நிலமே இல்லாமல் களையெடுத்தும் கடலை பறித்தும் பிழைத்தவர்களுக்கு வாடகையும் இல்லை, வேலையும் இல்லை. புல் வெட்டுவது, பேனல் கழுவுவது, காவல் காப்பது என்று சிலருக்குக் கிடைத்ததோடு சரி. ஆடு மாடு வைத்திருந்தவர்களுக்கு மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போய்விட்டது.

பாவகடாவைக் காட்டித் தரகர்கள் இங்கே ஆசை காட்டுவது வழக்கம். அதில் அவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. அங்கே விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தது தனியார் நிறுவனம் அல்ல; மாநில, மத்திய அரசு நிறுவனங்கள் சேர்ந்து 2015ல் அமைத்த கர்நாடக சூரிய மின்சக்தி மேம்பாட்டுக் கழகம். அது எடுத்து மின் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. நிறுவனம் கைமாறினாலும் நொடித்தாலும் விவசாயிக்கு வாடகை தரவேண்டியது அரசுக் கழகம். உங்கள் விஷயத்தில் நடுவில் யாரும் இல்லை. ஒரு பக்கம் உங்கள் அப்பா, மறுபக்கம் நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு கம்பெனி.

அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்கிறேன். தரகர் ஒரு பெரிய பெயரைச் சொல்லியிருப்பார். பத்திரத்தில் அந்தப் பெயர் இருக்காது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக ஒரு சிறு கம்பெனி பதிவு செய்து, அதன் பெயரில்தான் நிலம், கடன், மின் விற்பனை ஒப்பந்தம் எல்லாவற்றையும் போடுவார்கள். இது சட்டப்படியானது, உலகம் முழுக்க நடப்பது. விளைவு என்னவென்றால், நாளைக்கு வாடகை நின்றுபோனால் நீங்கள் வழக்குப் போட முடிவது அந்தச் சிறு கம்பெனி மீது மட்டும்தான். அதன் கையில் பேனல்களைத் தவிர ஒன்றும் இருக்காது. அவையும் வங்கிக்கு அடகில் இருக்கும். ஆகவே தாய் நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். அப்படியானால் ஓராண்டு வாடகையை வைப்புத்தொகையாகவும், ஒவ்வோர் ஆண்டு வாடகையை ஆண்டின் தொடக்கத்திலேயே முன்பணமாகவும் கேளுங்கள். இது கிடைக்கும்.

அதற்கும் முன்னால், தரகர் கொண்டுவரும் முதல் தாள். அது குத்தகைப் பத்திரமாக இருக்காது. "சும்மா ஒரு ஒப்பந்தம்", ஏக்கருக்குச் சில ஆயிரம் முன்பணம், கூடவே ஒரு பவர் பத்திரம், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம். இந்தப் பவரில்தான் ஊரில் பல குடும்பங்கள் மாட்டியிருக்கின்றன. தரகர் உங்களிடம் பவர் வாங்கி வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் சேர்த்து, மின்கட்டமைப்பில் இணைப்பு அனுமதி கிடைத்த ஏதாவது ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கைமாற்றுவார். அனுமதி கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று ஆண்டு உங்கள் நிலம் யாருக்கும் பயனில்லாமல் கட்டுண்டு கிடக்கும். பவர் எழுதிக் கொடுக்காதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும். முன் ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டுமென்றால் நேரடியாகக் கம்பெனியோடு, அதிகபட்சம் ஓராண்டுக்கு, அந்தக் காலத்தில் அப்பா வழக்கம்போல விதைத்து அறுக்கலாம் என்ற வரியோடு போடுங்கள்.

இனி குத்தகைப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் சொல்வது அதுதான். ஏன் 29 ஆண்டு 11 மாதம் என்கிறார்கள் தெரியுமா? தமிழ்நாட்டில் 30 ஆண்டுக்குட்பட்ட குத்தகைக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 1 சதவீதம். 30ஐத் தொட்டால் 4 சதவீதம். 9 ஏக்கருக்குத் தரகர் சொன்ன விகிதத்தில் மொத்த வாடகை ஏறத்தாழ 1.16 கோடி வரும், தீர்வை 1.16 லட்சம், அதற்கு மேல் பதிவுக் கட்டணம். முத்திரைச் சட்டப்படி குத்தகைக்கு எடுப்பவர்தான் தீர்வை செலுத்த வேண்டும். "பாதிப் பாதி போட்டுக்கொள்வோம்" என்றால் சிரித்துவிட்டு மறுத்துவிடுங்கள். பத்திரம் ஆங்கிலத்தில் நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். வரிக்கு வரி தமிழ் நகல் கேளுங்கள். அப்பாவுக்கு அதை உட்கார்ந்து படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

அதில் நான் முதலில் தேடுவது வாடகை எந்த நாளில் தொடங்குகிறது என்பதை. "வணிக உற்பத்தி தொடங்கும் நாள் முதல்" என்று இருந்தால், வேலி போட்டு, மரத்தை வெட்டி, நிலத்தைச் சமன் செய்துவிட்டு, மின் இணைப்பு வரும்வரை ஒன்றரை இரண்டு ஆண்டு வாடகையில்லாமல் இருப்பார்கள். வாடகை நிலத்தை ஒப்படைக்கும் நாளில் தொடங்க வேண்டும். அடுத்தது, யார் எப்போது வெளியேறலாம் என்பது. ஏறக்குறைய எல்லாப் பத்திரங்களிலும் கம்பெனி மூன்று மாதமோ ஆறு மாதமோ அறிவிப்புக் கொடுத்து விலகலாம். நிலக்காரர் வாடகை வராவிட்டாலொழிய வெளியேற முடியாது. கடன் வாங்கிக் கட்டும் முப்பது ஆண்டுத் திட்டத்தில் நிலக்காரர் நினைத்தபோது எழுந்து போகலாம் என்று எந்த வங்கியும் ஒப்புக்கொள்ளாது என்பது நியாயம்தான். ஆனால் வாடகை எத்தனை மாதம் நின்றால் பத்திரத்தை முறிக்கலாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனி பாதியில் விலகினால் குறைந்தது இரண்டு ஆண்டு வாடகை இழப்பீடு என்றும் எழுதச் சொல்லுங்கள்.

புயல், வெள்ளம், அரசு மின்சாரத்தை வாங்க மறுப்பது போன்ற காலங்களில் வாடகையை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு பிரிவு எங்காவது ஒளிந்திருக்கும். அடித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் நிலம் அப்போதும் அவர்களிடம்தானே இருக்கிறது.

கம்பெனி வங்கியில் கடன் வாங்குவதற்குத் தன் குத்தகை உரிமையை அடகு வைக்கும். அது சரி. உங்கள் நிலத்தையே, உங்கள் மூலப்பத்திரத்தையே அடகு வைக்க அனுமதிக்கும் வரி இருந்தால் அது சரியல்ல. மூலப்பத்திரத்தைச் சரிபார்க்கக் காட்டலாம், சான்றிட்ட நகல் கொடுக்கலாம்; ஒரிஜினலைக் கையை விட்டு விடக்கூடாது. பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் என்று சட்டம் கருதும் வழி நம் நாட்டில் உண்டு.

தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது என்ற பிரிவு கடைசிப் பக்கங்களில் இருக்கும். டெல்லியிலோ மும்பையிலோ நடுவர் முன்பு என்று அச்சடித்திருப்பார்கள். ஏக்கருக்கு 30,000 ரூபாய் வாடகை வாங்குகிறவர் டெல்லியில் நடுவருக்குக் கட்டணம் கட்டி வழக்கு நடத்துவதாவது! தூத்துக்குடி மாவட்ட நீதிமன்றம் என்று மாற்றுங்கள். பல பேர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள்.

இதையெல்லாம் பேசுவதற்கு முன் உங்கள் வீட்டுப் பத்திரங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று குறைந்தது முப்பது ஆண்டுக்குப் போடுங்கள். பட்டா அப்பா பெயரில் தனிப்பட்டாவா, சித்தப்பா பெரியப்பாவோடு கூட்டுப் பட்டாவா? 1980களின் மறுநில அளவையில் சர்வே எண் மாறியும் உட்பிரிவு தவறியும் போன நிலங்கள் நம் பக்கம் ஏராளம். பத்திரத்தில் 9 ஏக்கர், பட்டாவில் 8.70, அளந்தால் 8.40 என்று வரும். வாடகை அளந்த பரப்புக்குத்தான் கிடைக்கும். வேலிக்கு வெளியே கழிவாக விடப்படும் துண்டுக்கும் வாடகை உண்டு என்று எழுத வேண்டும். ஓரத்தில் 20 சென்டை வைத்துக்கொண்டு அப்பா என்ன செய்ய முடியும்? உங்கள் நிலத்துக்குள் எங்காவது பஞ்சமி நிலமோ (தாழ்த்தப்பட்டோருக்கென்று அரசு ஒதுக்கியது) பூமிதான நிலமோ (நிலமற்றவர்களுக்காகத் தானமாக வந்தது) அரசு ஒப்படை நிபந்தனைப் பட்டாவோ இருந்தால் அந்தப் பகுதியைத் தொடவே தொடாதீர்கள். பத்திரமே செல்லாமல் போகும்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். இது பூர்விக நிலமா, அப்பா சுயமாக வாங்கியதா என்று நீங்கள் சொல்லவில்லை. பூர்விகம் என்றால், 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பிறகு தங்கைக்கும் உங்களுக்கும் ஒரே பங்கு. திருமணமானதால் அது குறைவதில்லை. சுயசம்பாத்தியம் என்றால் அப்பா மட்டும் கையெழுத்துப் போடலாம். ஆனாலும் மூவரும் சம்மதக் கையெழுத்துப் போடுவதே நல்லது. கம்பெனியின் வழக்கறிஞரும் அதைத்தான் கேட்பார். அப்பாவுக்கு 68 வயது, குத்தகை முடியும்போது 98. இந்தப் பத்திரம் உண்மையில் உங்கள் மூவரையும் கட்டப்போகிற பத்திரம். அப்பா காலத்துக்குப் பிறகு வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம் முடியும்வரை கம்பெனி வாடகையை நிறுத்தி வைக்கும். அதற்குள் பங்குத் தகராறு எழுந்தால் நீதிமன்றத்தில் கட்டிவிடும். எந்த வாரிசுக்கு எத்தனை பங்கு வாடகை, எந்தக் கணக்கில் என்று பத்திரத்திலேயே இப்போதே எழுதிவிடுங்கள்.

கிணறு. அந்த 5 ஏக்கரை ஏன் கொடுக்க வேண்டாம் என்கிறேன்? 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததிலிருந்து, விவசாய மின் இணைப்பு என்பது நிலத்துக்குச் சமமான சொத்து. புதிதாக விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். நிலம் விவசாயத்திலிருந்து போய்விட்டால் அந்த இணைப்பும் போகும். முப்பது ஆண்டு கழித்துத் திரும்பக் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. கரிசல் காட்டுப் புழுதி பேனலில் படிந்தால் உற்பத்தி குறையும். அடிக்கடி கழுவ வேண்டும். கமுதியில் அதற்கு இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். சிறிய நிலையங்களில் தண்ணீர்தான். பக்கத்தில் கிணறு இருந்தால், "மோட்டாரைக் கொஞ்சம் போட்டு விடுங்கள்" என்று காவலாளி வந்து நிற்பார். இலவச இணைப்பில் வணிகத்துக்குத் தண்ணீர் இறைத்தால் அபராதம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். கம்பெனி தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், குத்தகை நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது என்று எழுதிவிடுங்கள். பக்கத்துக் கிணற்றுக்காரர்களுக்கும் அது நல்லது.

அந்த 5 ஏக்கரில் அப்பா பயிர் செய்துகொண்டிருக்கும்வரை அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பயிர் ஏறும், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கும், பிரதமர் கிசான் திட்டத்தின் 6,000 ரூபாயும் நிற்காது. முழு நிலமும் பேனலுக்குப் போய்விட்டால் அரசின் கண்ணில் அவர் விவசாயி அல்ல. 68 வயதில் ஒருவர் காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டும் என்பதையும் யோசியுங்கள். மாதாமாதம் வங்கிக் கணக்கைப் பார்ப்பது மட்டும் வேலையாகாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. சோலார் வாடகை விவசாய வருமானம் ஆகாது. 9 ஏக்கருக்கு ஆண்டுக்கு 2.7 லட்சம் என்பது, வேறு வருமானம் இல்லாத அப்பாவின் பெயரில் இருக்கும்வரை வரி வரம்புக்குள் வராது. உங்கள் பெயருக்கு வரும்போது உங்கள் சம்பளத்தோடு சேரும். ஊரக விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்ற சலுகையும், அதில் பல ஆண்டு பேனல் நின்ற பிறகு கேள்விக்குள்ளாகும். விற்கும் எண்ணம் இருந்தால் ஆடிட்டர் ஒருவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் போகிற பாதை, ஆள் போகிற பாதை இரண்டையும் கவனியுங்கள். கம்பெனி உள்ளே வந்ததும் முதல் வேலை நிலத்தைச் சமன் செய்வது. நம் காடுகளில் வரப்பை ஒட்டி ஓடும் சிற்றோடைகள் பட்டாவில் காணாது. ஆனால் கண்மாய்க்கு வரத்து அவைதான். அவற்றை மூடிவிட்டால், அடுத்த மழையில் மேட்டுக் காட்டுக்காரர் பயிர் மூழ்கும், கீழே கண்மாய் நிரம்பாது. ஊர் சண்டைக்கு வருவது நிலக்காரரிடம். வண்டிப்பாதையும் அப்படித்தான். தெற்குப் பக்கம் காற்றாலைகள் வந்த காலத்தில் பாதைத் தகராறு எத்தனை நடந்தது என்பது ஊருக்குத் தெரியும். காற்றாலைக்கு அடியிலாவது உழலாம்; சோலார் வந்தால் சுற்றிலும் கம்பி வேலி. உங்கள் கிணற்றுக் காட்டுக்கு டிராக்டர் போகும் அகலத்தில் பாதை, ஓடைகளை மறிக்கக்கூடாது, இரண்டும் வரைபடத்தோடு பத்திரத்தில் இணைப்பாக இருக்கட்டும்.

கடைசியாக, முப்பது ஆண்டு முடிந்த பிறகு. "நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். அதனால் ஒரு பயனும் இல்லை. பழைய நிலை எது? யார் செலவில்? சிறு கம்பெனி அதற்குள் கலைக்கப்பட்டிருந்தால்? சில ஆயிரம் பேனல்கள், அவற்றைத் தாங்கும் இரும்புக் கால்கள், பூமிக்கடியில் கேபிள், மின்மாற்றி நிற்கும் கான்கிரீட் மேடை. கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பது. கால் ஆடாமல் இருக்க இங்கே கான்கிரீட்டைத் தாராளமாகவே ஊற்றுவார்கள். இரும்பையும் அலுமினியத்தையும் செம்பையும் எடுத்துப்போகப் பழைய இரும்புக்காரர் நானென்று வருவார். மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். அதை விட்டுவிட்டுப் போனால் கலப்பை இறங்காது. மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து சோலார் பேனலையும் சேர்த்திருக்கின்றன என்றாலும், அந்தப் பொறுப்பு பேனல் தயாரிப்பவர் தலையில் இருக்கிறது. உங்கள் காட்டில் கிடப்பதை எடுக்க வைப்பதற்கு உங்கள் பத்திரம்தான் துணை. ஆகவே, தரைக்குக் கீழே நான்கு அடி வரை எல்லாவற்றையும் தோண்டி எடுக்க வேண்டும், குத்தகை முடிந்த ஆறு மாதத்துக்குள், முடியாவிட்டால் அதுவரை இரட்டை வாடகை என்று எழுதுங்கள். இதற்கென்று 15ஆம் ஆண்டிலிருந்து வங்கி உத்தரவாதம் கேளுங்கள். முதல் நாளே கேட்டால் மறுப்பார்கள். 15ஆம் ஆண்டு என்றால் அன்றைக்கு யாரோ பார்த்துக்கொள்ளட்டும் என்று கையெழுத்துப் போடுகிறவரும் ஒப்புக்கொள்வார்.

நிலமில்லாத அக்கம்பக்கத்தாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஊரில் குடியிருக்கிற அப்பா அவர்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். உங்கள் மானாவாரியில் பயிரில்லாத மாதங்களில் யாருடைய ஆடு மேய்கிறது? ஓரத்துச் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் யார்? அந்த வேலி அவர்களுக்குத்தான் முதலில் உறைக்கும். பேனலுக்கு அடியில் வளரும் புல்லை எப்படியும் கம்பெனி வெட்டித்தான் ஆகவேண்டும். செம்மறி ஆடுகளை உள்ளே விட அனுமதித்தால் இருவருக்கும் லாபம். வெள்ளாடு கேபிளைக் கடிக்கும், பேனலில் ஏறும், அதை விடமாட்டார்கள். காவல், புல்வெட்டு வேலை உள்ளூர்க்காரர்களுக்கே என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சட்டப்படி அதை வலியுறுத்துவது கடினம் என்றாலும், தள மேலாளர் மாறும்போதெல்லாம் எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: தரகரிடம் ஒன்றும் கையெழுத்துப் போடாமல், கம்பெனியின் வரைவுப் பத்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அதோடு அந்தத் துணைமின் நிலையத்தில் இணைப்பு அனுமதி கிடைத்த கடிதத்தின் நகலையும் கேளுங்கள். அந்தக் கடிதம் இருந்தால் அவர்கள் அவசரத்தில் இருக்கிறார்கள், நான் சொன்னதில் முக்கால்வாசி கிடைக்கும். கடிதம் இல்லையென்றால் பேசவேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. வருகிற ஐப்பசிக்கு அப்பா உளுந்து விதைக்கட்டும்.